சத்தம் போடாத பெட்டி

எனக்குச் சந்தேகக் குணம். அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மீன்காரனின் தராசையும் சந்தேகிப்பேன், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் காரணமில்லாமல் சிரித்தால் அதையும் சந்தேகிப்பேன். போர் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தக் குணம் இல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்கு வேலை செய்த சவுந்தரநாயகத்தையும் முதல் நாளிலிருந்தே சந்தேகித்தேன். மருதானையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவர் வில்லை தீட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறார் என்பது தெரியும். எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தார், குடும்பம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் அதுதான் மரியாதை. தெரியாததை எவர் அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாதல்லவா.

கீழ் வீட்டு அன்னபாக்கியம் அன்ரி அந்த மரியாதையை ஒரு கலையாகவே வைத்திருந்தா. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவ. எங்கள் கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குக் கொடுக்கும் படிவத்தின் பிரதிகளை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தா. "பிள்ளை, ஆரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. அதோட கதை முடிஞ்சுது" என்பா.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு கண்பெட்டி. பார்வை மங்கியவர்கள் மூக்கின் மேல் அணிந்துகொண்டு, எதிரில் இருப்பதைப் பெரிதாகப் பார்ப்பதற்கான கருவி. முன்னால் ஒரு சின்னக் கமரா, உள்ளே நகத்தளவில் ஒரு திரை. சாதாரண வில்லையால் அதைப் பெரிதாக்கினால் திரைக்கும் வில்லைக்கும் நடுவே நாலு விரல் இடம் வேண்டும். முகத்தில் பால்மாத் தகரப்பேணியைக் கட்டிக்கொண்டு யார் திரிவார்கள்? அந்த நாலு விரல் தூரத்தை ஒரு விரலுக்குள் மடிப்பதுதான் என் வேலை.

மடிப்பதென்றால், ஒளி அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாக மூன்று தரம் நடக்க வேண்டும். ஒளிக்கு அதிரும் திசை ஒன்று உண்டு. கண்ணுக்கு முன்னால் நான் வைத்த முனைவாக்கிப் பிலிம் ஒரு திசையில் அதிரும் ஒளியை விடும், அதற்குக் குறுக்காக அதிர்வதைத் திருப்பி அனுப்பும். முதல் தரம் வரும் ஒளி குறுக்காக வரும். திரும்பிப் போய், வில்லையின் பின்முகத்தில் பாதி ஒளியை மட்டும் விடும் வெள்ளிப் பூச்சில் பட்டு, இடையில் இருக்கும் இன்னொரு பிலிமால் திசை மாறி மறுபடி வரும். அப்போது விடுபடும். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாதவனைச் செக்பொயின்ற்றில் திருப்பி அனுப்பிவிட்டு, எடுத்துக்கொண்டு வந்தபிறகு விடுவார்களே, அதே முறைதான். முதல் வருகையிலேயே கொஞ்ச ஒளி களவாகப் புகுந்துவிட்டால் பெரிய படத்துக்கு மேலே இன்னொரு சின்ன மங்கல் படம் மிதக்கும். அதைப் பேய்ப்படம் என்போம்.

சிங்கப்பூரில் ஒரு சிறு நிறுவனம் என் வரைபடங்களைப் பார்த்துவிட்டுப் பிலிம்களை அனுப்பியிருந்தது. சுங்கத்தில் இரண்டு மாதம் கிடந்து, ஒரு பெட்டிக்குப் போதுமான ஒரே ஒரு தொகுதிதான் முழுதாக என் கைக்கு வந்தது. அவர்களுடைய ஆள் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோட்டையில் ஒரு ஹோட்டலுக்கு வருவார். பேய் இல்லாத படத்தை அவருக்குக் காட்டினால் எனக்கு அங்கே ஆய்வுகூடத்தில் வேலை, விசா எல்லாம். நான் போய்விட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதைச் சொன்னால் வெட்கமாக இருக்கும். ஒவ்வொரு இரவும் அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்துக் களைத்துப் போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு ஹோட்டலில் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லி, வில்லைக்கு இரண்டே நிபந்தனைகளைச் சவுந்தரநாயகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஒன்று, வார்த்த பிளாஸ்ரிக்கில்தான் தீட்ட வேண்டும், மலிவான அழுத்திய பிளாஸ்ரிக் கூடாது. மற்றது, பெட்டிக்குள் வில்லையைப் பிடிக்கும் வளையம் ஒரு மயிரிழை தளர்வாக இருக்க வேண்டும். ஏன் தளர்வு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னால் வடிவமைப்பைச் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன்.

பூச்சுப் பூச முன்னர் அளவு பார்ப்பதற்காக ஒருமுறை பெட்டியைக் கொண்டுவந்தார். காலை பத்துக்கு வரவேண்டிய ஆள் பன்னிரண்டு மணிக்கு வந்தார். காதருகில் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"கிலுகிலுக்குது மிஸ். புறக்கோட்டையில ஆமிக்காரன் அரை மணித்தியாலம் வச்சுக்கொண்டு நிண்டவன். உள்ளுக்கு என்ன எண்டு கேட்டுக் கேட்டு."

"கிலுங்கட்டும். அது அப்பிடித்தான் இருக்கவேணும்."

"சத்தம் வந்தால் கரைச்சல் மிஸ்."

"உங்களுக்கு நான் கீறித் தந்த மாதிரிச் செய்யுங்கோ, சவுந்தரம்."

அரை மணித்தியாலம் ஆமிக்காரனுடன் போயிருந்தால் மற்ற ஒன்றரை மணித்தியாலம் எங்கே போனது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வேறு யாருக்கோ பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். போகும்போது அவர் கேட்ட கேள்வி அந்த முடிவுக்கு முத்திரை குத்தியது.

"வெள்ளிக்கிழமை எந்த ஹோட்டலுக்கு மிஸ் கொண்டு போறீங்கள்?"

"ஏன்?"

"சும்மாதான். கோல் றோட்டாலயோ மரைன் ட்றைவாலயோ போவீங்கள்?"

சும்மா கேட்கிற கேள்வியா இது? நான் ஹோட்டலின் பெயரை மாற்றிச் சொன்னேன்.

திங்கட்கிழமை பூச்சுப் பூசி, முழுதாகப் பூட்டிக் கொண்டுவந்து தந்தார். ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்த வளையத்தைக் கழட்டாதேங்கோ மிஸ். அப்பிடியே இருக்கட்டும்" என்றார். அப்போது அவருடைய போன் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, எடுக்காமல் நிறுத்தினார்.

கரையோர ரயில் போய், மேசை அதிர்வது நிற்கும்வரை காத்திருந்து திரையை ஏற்றிப் பார்த்தேன். பேய் இருந்தது. நான் வைத்த கட்டம் போட்ட சோதனைப் படம் பெரிதாக, அழகாக விரிந்திருந்தது. அதன் மேல் மூன்று பக்கங்களில் அதே கட்டங்கள் சின்னதாக, சாம்பல் நிறத்தில் கசிந்துகொண்டிருந்தன. பார்வை குறைந்த ஒருவர் இதைப் போட்டால் எது சுவர், எது சுவரின் பேய் என்று தெரியாமல் முட்டிக்கொள்வார்.

என் மூளை உடனே போன இடம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்ரிக்கை மாற்றிவிட்டான். நல்லதை வைத்துக்கொண்டு மலிவானதைத் தந்துவிட்டான். அல்லது யாரோ சொல்லிச் செய்திருக்கிறான். அவர் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் ஒரே மத்தியானத்தில் அவன் ஆகிவிட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொலிஸ் நிலையமொன்றிலிருந்து போன் வந்தது. தமிழ் பேசும் கொன்ஸ்டபிள் ஒருவர்.

"மெடம், சவுந்தரநாயகம் எண்டு ஒராளை லொட்ஜில இருந்து கூட்டிட்டு வந்திருக்கு. கொழும்பில நிக்க என்ன காரணம் எண்டு கேட்டா, உங்கட பேரையும் நம்பரையும் தாறார். உங்களுக்கு வேலை செய்யுறதாம். கடை முதலாளி லெட்டர் ஒண்டும் தரமாட்டன் எண்டிட்டார். உங்களுக்கு ஆளைத் தெரியுமா?"

நான் யோசித்தது இரண்டு விநாடி இருக்கும். அந்த இரண்டு விநாடியில் பேய்ப்படம் வந்தது, ஹோட்டல் கேள்வி வந்தது, எடுக்காத போன் வந்தது. கடைசியாக அன்னபாக்கியம் அன்ரியின் பிஸ்கட் பெட்டியும் வந்தது.

"தெரியாது" என்றேன். "கண்ணாடிக் கடையில வேலை செய்யிற ஆள். அவ்வளவுதான்."

"சரி மெடம். எழுதிக்கொள்ளுறன்."

போனை வைத்தபோது ஒரு திறமான காரியம் செய்துவிட்ட நிம்மதிகூட இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பயனில்லை.

பின்னேரம், அவர் பிளாஸ்ரிக்கை மாற்றினார் என்பதற்கு எனக்கே ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது. அதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. இரண்டு சாதாரண முனைவாக்கிப் பிலிம்களை ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடித்தால் இடையில் ஒளி வராது, கறுப்பாக இருக்கும். நடுவில் பிளாஸ்ரிக்கை வைத்தால், அதற்குள் எங்கெல்லாம் அழுத்தம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிறங்கள் தெரியும். மலிவான அழுத்திய பிளாஸ்ரிக் என்றால் முழு வில்லையும் நிறம் நிறமாகக் கலங்கியிருக்கும்.

வில்லையை வளையத்தோடு சேர்த்து வெளியே எடுத்து, இரண்டு பிலிம்களுக்கும் நடுவே வைத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடு முழுவதும் சுத்தமான கறுப்பு. விளிம்பில் மட்டும் மூன்று இடங்களில், வளையத்தின் மூன்று திருகாணிகளுக்கும் நேரே, சிவப்பும் பச்சையுமாகப் பூவிதழ் அளவில் நிறங்கள்.

பிளாஸ்ரிக் நல்ல பிளாஸ்ரிக். அதைவிட நல்லதை இந்த ஊரில் யாரும் தீட்டித் தந்திருக்க முடியாது. வளையம்தான் இறுகியிருந்தது. அந்த அழுத்தம் ஒளியின் அதிர்திசையைத் திருப்பிவிட, முதல் வருகையிலேயே கொஞ்ச ஒளி களவாகப் புகுந்திருக்கிறது. கழற்றினேன். ஒவ்வொரு திருகாணிக்கும் கீழே, பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்று அடைகொடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஓரங்கள் கையைக் கீறாதபடி உரைத்து மழுக்கப்பட்டிருந்தன. வில்லை கிலுங்காமல் இருப்பதற்காக.

அப்போதுதான் ஹோட்டல் கேள்வி எனக்கு விளங்கியது. கோல் றோட்டால் போனால் எத்தனை செக்பொயின்ற், மரைன் ட்றைவால் போனால் எத்தனை என்று அந்த மனிதர் எண்ணிப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் எந்த ஆமிக்காரன் இந்தப் பெட்டியை ஆட்டிப் பார்ப்பான் என்று எனக்காகப் பயந்திருக்கிறார். தளர்வு ஏன் வேண்டும் என்று நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் இறுக்கியிருக்க மாட்டார். ஏன் இறுக்கினீர்கள் என்று நான் ஒரு வசனம் கேட்டிருந்தால் அவர் இப்போது பொலிசில் இருக்க மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்காத மரியாதைக்காரர்கள்.

துண்டுகளை எடுத்துவிட்டு வளையத்தைத் தளர்வாகப் பூட்டி, பெட்டியைக் கண்ணில் வைத்தேன். பேய் போய்விட்டது. மூன்று வருடம் நான் கணினியில் மட்டும் பார்த்த படம், கடல் மாதிரி அகலமாக, ஒரு கறையும் இல்லாமல் எதிரே நின்றது. சந்தோஷப்பட்டேன். உடனே அழுகை வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததை என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

வியாழக்கிழமை காலை பெட்டியையும், இரண்டு பிலிம் துண்டுகளையும், அந்த எக்ஸ்ரே துண்டுகளையும், சின்னத் திருகாணி முறுக்கியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். படியில் அன்னபாக்கியம் அன்ரி நின்றா. முதல் நாள் இரவே அவவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

"தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு தெரியும் எண்டு போனால், உன்னைத்தான் பிடிப்பாங்கள் பிள்ளை."

"தெரியும் அன்ரி."

"விசா கிடைக்கப் போகுது எண்டாய். நாளைக்கு ஒரு நாள் பொறுக்க ஏலாதே?"

"நாளைக்கு ஆளை வடக்குக்குப் போற பஸ்ஸில ஏத்திப்போடுவாங்கள். லொட்ஜில பிடிக்கிற ஆக்களுக்கு அதுதானே நடக்குது."

அன்ரி வழிவிட்டா. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

பொலிஸ் நிலையத்தில் பெட்டியை ஆட்டிப் பார்க்காத ஆள் இல்லை. வாசல் காவலர் ஆட்டினார், மேசையில் இருந்தவர் ஆட்டினார். கடைசியில் உள்ளறையில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் அதைத் தன் மேசையில் வைத்து, விரலால் தட்டி, அதன் கிலுகிலுப்பைக் கேட்டார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். நடுத்தர வயது. நரைத்த மீசை.

"நோனா, நேத்து ஆளைத் தெரியாது. இண்டைக்குத் தெரியும். எது பொய்?"

"நேத்துச் சொன்னது பொய் சேர். பயத்தில சொன்னது."

"அப்ப இண்டைக்குப் பயம் இல்லையா?"

"இருக்கு."

அவர் ஒரு கோப்பைத் திறந்தார். "சரி. தெரியும் எண்டா சொல்லுங்க. ஆள் எந்த ஊர்?"

எனக்குத் தெரியாது.

"மனுசி பேர் என்ன? பிள்ளை எத்தனை? கொழும்புக்கு வந்து எவ்வளவு காலம்?"

எனக்கு ஒன்றுமே தெரியாது. தேநீருக்குச் சீனி போடமாட்டார் என்பது தெரியும். வலது பெருவிரலில் ஒரு பழைய தீக்காயம் இருப்பது தெரியும். அதையெல்லாம் எந்தக் கோப்பில் எழுதுவது?

"நீங்க நேத்துச் சொன்னதுதான் உண்மை போல" என்று அவர் கோப்பை மூடப் போனார்.

"சேர், ஒரு நிமிசம்" என்றேன். "அவரைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதைக் காட்டுறன்."

எக்ஸ்ரே துண்டுகளை மறுபடி வைத்து வளையத்தை இறுக்கினேன். வில்லையைப் பிலிம்களுக்கு நடுவே வைத்து யன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். மூன்று இதழ்களும் தெரிந்தன. திருகாணிகளைத் தளர்த்தினேன். இதழ்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன.

"இதை இப்பிடி இறுக்கினது அவர். இறுக்கினதால என்ர படம் பழுதாப் போச்சு. எனக்குக் கெடுதல் செய்யிறார் எண்டு நினைச்சன். அதாலதான் தெரியாது எண்டனான். ஆனால் அவர் இறுக்கினது உங்கட செக்பொயின்ற்றுக்குப் பயந்து. சத்தம் வந்தால் என்னைப் பிடிப்பினம் எண்டு பயந்து. இது எனக்கு வேலை செய்த ஆள் சேர். இதைவிட வேற ஒண்டும் எனக்குத் தெரியாது."

அவர் பிலிம்களைத் தானே வாங்கிப் பிடித்து, தானே இறுக்கி, தானே தளர்த்திப் பார்த்தார். பிறகு நான் வில்லையைத் திரும்பப் பூட்டிக் கொடுக்க, பெட்டியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதைத் துவக்கில பூட்டிக் குறி பார்க்கலாமா?"

"கண் தெரியாத ஆக்களுக்குச் செய்தது சேர்."

"நான் கேட்டது அது இல்ல."

அவர் ஒரு கடுதாசியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"உங்களுக்கு வேலை செய்யுறார் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்க. ஆள் போகலாம். சாமான் இங்க இருக்கும். தெரிஞ்ச ஆக்கள் பார்க்கவேணும், ஒரு மாசம் ஆகும். இல்லாட்டி சாமானை எடுத்துக்கொண்டு நீங்க போங்க. நான் ஒண்டையும் காணேல்ல. ஆள் நாளைக்கு வவுனியா பஸ்ஸில போவார்."

உடனே கையெழுத்து வைத்தேன் என்று எழுத எனக்கு ஆசை. வைக்கவில்லை. சிங்கப்பூரை நினைத்தேன். தலையணைக்குக் கீழே அட்டை இல்லாமல் தூங்குவதை நினைத்தேன். மேசையில் கிடந்த பெட்டியைக் கையில் எடுக்கக்கூடச் செய்தேன். அது கிலுங்கியது. அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்றுதானே அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டார் என்று எண்ணியபோது மனம் கூசியது. பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன்.

சவுந்தரநாயகத்தைக் கூட்டிவந்தபோது சேட்டில் மேல் பொத்தான் இல்லை. ஒரு காலை மெல்ல இழுத்து நடந்தார். என்னைப் பார்த்தார், மேசையில் பெட்டியைப் பார்த்தார். வெளியே வந்து, பஸ் ஏறி, பின்பக்கத்து இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"வளையத்தைக் கழட்டினீங்களோ?" என்று வெளியே பார்த்தபடி கேட்டார்.

"ஓம். இறுக்கினால் படம் பழுதாகும். அதை உங்களுக்கு நான் சொல்லேல்ல."

"அப்ப நாளைக்கு ஹோட்டலுக்கு வாற ஆளுக்கு?"

"காட்ட ஒண்டும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். மூன்று தரிப்பிடங்கள் போயின. மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு முதல் வேறெதையாவது கேட்க வேண்டும் என்றிருந்தது. இத்தனை மாதமாக நான் கேட்காத ஒன்று.

"சவுந்தரம், உங்கட மனுசின்ர பேர் என்ன?"

அவர் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நேற்று நான் போனில் சொன்னதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்ப்பதைப் போல, படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பார்வை.

"ஏன் மிஸ் கேக்கிறீங்கள்?" என்றார்.